மலையில் தூவிய மருந்து ஏரி மீனில்

ஜவ்வாது மலையில் பெய்யும் மழை மலைக்கு மட்டும் உரியதன்று. செய்யாறு அங்கே பிறந்து, குப்பநத்தம் அணையில் தங்கி, செங்கம், கலசபாக்கம் பக்கமாகக் கீழ்நாட்டில் இறங்குகிறது. கமண்டல நதி செண்பகத்தோப்பு அணையைக் கடந்து ஆரணிப் பக்கம் போகிறது. மிருகண்டா நதிக்கும் ஓர் அணை உண்டு. ஓடை, கால்வாய், ஏரி என்று கைமாறி, மிச்சமுள்ளது பாலாற்றில் சேருகிறது. ஆகவே ஜமுனாமரத்தூர்ச் சரிவில் ஒருவர் எதைத் தெளிக்கிறார் என்பது, முப்பது மைல் தள்ளி ஏரிப் பாசனத்தில் நெல் நடுகிறவருக்கும் அந்த ஏரியில் மீன் ஏலம் எடுத்தவருக்கும் தொடர்புள்ள விஷயமாகும்.

இந்த மலையில் காலங்காலமாகச் சாமையும் கேழ்வரகுமே முக்கிய வெள்ளாமை. சாமைக்கு மருந்து வேண்டியதில்லை. குருத்து ஈ வரும் என்று பயந்தால் முதல் மழையிலேயே விதைத்துவிடுவதும், விதையைச் சற்றுத் தாராளமாக விடுவதும் போதும். ஆனால் காசு தரும் பயிர் மலை ஏறும்போது அதன் கூடவே மருந்துக் குப்பியும் ஏறும். தக்காளி, கத்தரி, பருத்தி ஆகியவற்றைத் தெளிப்பான் இல்லாமல் பயிரிடுபவர் குறைவு. கீழ்நாடு ஐம்பது ஆண்டுகளில் கற்றுக்கொண்ட பாடத்தை மலை மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டுமா என்பதே கேள்வி.

வெள்ளைத் தூளின் கதை

வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில், மானாவாரி நிலக்கடலையில் சிவப்புக் கம்பளிப்புழு இறங்கினால் விவசாயிகள் தேடியது பி.எச்.சி. பத்து சதத் தூளைத்தான். ஏக்கருக்குப் பத்து கிலோ. துணிப் பையில் கட்டி, காலைப் பனியில் செடி மேல் தட்டிக்கொண்டே போவார்கள். வீட்டில் எறும்புக்கு அதே தூள். சில வீடுகளில் பிள்ளைகளின் தலைப் பேனுக்கும் அதே தூள்.

அந்தத் தூளில் என்ன இருந்தது என்று விவசாயிக்கு யாரும் விளக்கமாகச் சொன்னதில்லை. பத்து கிலோ தூளில் பி.எச்.சி. ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவிலும் பூச்சியைக் கொல்லும் சரக்கு, அதாவது காமா என்ற வகை, ஏறத்தாழ 130 கிராம்தான். மீதி 870 கிராமும் புழுவை ஒன்றும் செய்யாத வேறு வகைகள். புழுவைக் கொல்லாதவை என்பதால் அவை சாது என்று எண்ணிவிடக் கூடாது. அவற்றில் பீட்டா என்ற வகைதான் எளிதில் அழியாமல் ஆடு, மாடு, மீன், மனிதர் எல்லோருடைய கொழுப்பிலும் போய்த் தங்குவது. 130 கிராம் வேலைக்காக ஒரு கிலோ நஞ்சை நிலத்தில் கொட்டிய கணக்கு இது. விலை கொடுத்தவர் விவசாயி.

டி.டி.டி.யின் கதை இன்னும் பெரியது. 1939இல் அதன் பூச்சிக்கொல்லும் சக்தியைக் கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. மலேரியாக் கொசுவை அது அடக்கியது உண்மை. எத்தனையோ உயிர்கள் அதனால் பிழைத்தன. சுவரில் அடித்த மருந்தையும் வயலில் கொட்டிய மருந்தையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. ஆனால் இரண்டும் கடைசியில் ஒரே தண்ணீரில்தான் கழுவப்பட்டன.

நம் நாட்டில் பயிருக்கு டி.டி.டி. பயன்படுத்துவது 1989இல் தடை செய்யப்பட்டது. பி.எச்.சி. 1997இல் நின்றது. காமா வகையை மட்டும் பிரித்தெடுத்து விற்ற லிண்டேனுக்கு 2013இல்தான் முடிவு வந்தது. எண்டோசல்பானை 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் நிறுத்திவைத்தது. பருத்தியிலும் தேயிலையிலும் சிலந்திப் பேனுக்கு அடித்த டைக்கோபால், டி.டி.டி.யிலிருந்தே செய்யப்படுவது, அதற்குத் தடை 2023இல்தான் வந்தது. சட்டம் வந்த வேகத்தைப் பார்த்தால் புழுவே தேவலாம் போலிருக்கிறது.

நீரில் கொஞ்சம், மீனில் மலை

இவற்றில் பெரும்பாலானவை ஒரே குணம் உடையவை. தண்ணீரில் எளிதில் கரையா. எண்ணெயிலும் கொழுப்பிலும் நன்றாகக் கரையும். மழையில் அடித்து வரும்போது மண்துகளோடு ஒட்டிக்கொண்டு வந்து ஏரிச் சேற்றில் படியும். சேற்றில் புழு, பாசி, நுண்ணுயிர். அவற்றைத் தின்பது கெண்டைக் குஞ்சு. கெண்டைக் குஞ்சைத் தின்பது விரால். விராலைப் பிடிப்பது நீர்க்காகமும் மனிதனும். ஒவ்வொரு வாயாக மாறும்போதும் தின்ற இரை செரித்துப் போகிறது. நஞ்சு செரிக்காமல் கொழுப்பில் தங்குகிறது. ஆயிரம் சிறு மீனிடம் இருந்தது ஒரு பெரிய மீனிடம் சேருகிறது.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் கிளியர் ஏரி. அங்கே கொசு போன்ற ஒரு சிறு பூச்சியின் தொல்லை தாங்காமல் டி.டி.டி.யின் நெருங்கிய இனமான ஒரு மருந்தை 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் ஏரியில் கலந்தார்கள். அளவு என்னவோ மிகக் குறைவுதான்: முதலில் ஏழு கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு, பிறகு ஐந்து கோடிக்கு ஒரு பங்கு. ஆனால் ஏரியின் நுண்ணுயிர்களைச் சோதித்தபோது பத்து லட்சத்தில் 5 பங்கு இருந்தது. அதாவது நீரில் இருந்ததைப் போல 250 மடங்கு. கெளுத்தி வகை மீன் ஒன்றில் 2,500 பங்கு. மீனைத் தின்ற முக்குளிப்பான் இனப் பறவைகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. ஆயிரம் ஜோடிக்கு மேல் கூடு கட்டிய ஏரியில் 1960இல் முப்பது ஜோடிதான் மிஞ்சியது. தண்ணீரைச் சோதித்தவர்களுக்கு அதில் மருந்தே அகப்படவில்லை. மருந்து ஏரியை விட்டுப் போகவில்லை, உயிர்களுக்குள் குடியேறிவிட்டது. 1962இல் ரேச்சல் கார்சன் எழுதிய நூலால் இந்த ஏரி பெயர் பெற்றது.

'தண்ணீர் தெளிவாக இருக்கிறது, வாடையும் இல்லை, சோதனையிலும் ஒன்றும் இல்லை' என்று ஒருவர் சொன்னால் அதை வைத்து மீனுக்குச் சான்று கொடுக்க முடியாது என்பது இதிலிருந்து தெரியும். சோதிக்க வேண்டியது சேற்றையும் மீனின் கொழுப்பையும்தான்.

வெள்ளாற்றில் கண்டது

தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் ஆய்வு மையத்தாரும் ஜப்பானின் எகிமே பல்கலைக்கழகத்தாரும் 1980களின் இறுதியில் வெள்ளாற்றை எடுத்துக்கொண்டார்கள். வெள்ளாறும் ஜவ்வாது மலை ஆறுகளைப் போலவே சேலம் பக்கத்து மலைகளில் தொடங்கி, நெல் வயல்களைக் கடந்து கடலில் சேருவது. நெல் வயலில் இட்ட பி.எச்.சி. எங்கே போகிறது என்று நீர், சேறு, காற்று மூன்றையும் அளந்து பார்த்தார்கள்.

விடை எவரும் எதிர்பாராதது. வயலில் இட்டதில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் வெயிலில் ஆவியாகிக் காற்றில் போய்விட்டது. ஆற்றோடு கழிமுகத்துக்கு வந்தது அரைப் பங்குகூட இல்லை. குளிர் நாட்டு ஏரிகளில் சேறு கெட்ட அளவுக்கு நம் ஆற்றுச் சேறு கெடாததற்கு வெயிலே காரணம். இதைப் படித்து நிம்மதிப் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. அது பாதி நிம்மதிதான். காற்றில் போனது மறையவில்லை. தெளிக்கிறவர் அதைத்தான் மூச்சில் இழுத்தார், மிச்சம் வட துருவத்துப் பனி வரை போய்ச் சேர்ந்தது. நெல் வளரும் மழை மாதங்களில் ஆற்று நீரில் பி.எச்.சி. கூடியதையும் அதே ஆய்வு கண்டது. மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதும் அந்த மழை மாதங்களில்தான்.

பின்னாளில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவிரியிலும் வீராணம் ஏரியிலும் மீனைச் சோதித்து, பி.எச்.சி., டி.டி.டி. இனங்களின் எச்சம் இருப்பதைக் காட்டினார்கள். ஆந்திரத்தில் கிருஷ்ணை, கோதாவரி கழனிகளின் வடிகால் நீர் சேரும் கொல்லேறு ஏரியின் மீனிலும் இதே வகை நஞ்சுகள் அகப்பட்டதாக 2001இல் ஆய்வு வெளிவந்தது. பால் தப்பியதா என்றால் அதுவும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 12 மாநிலங்களில் 2,205 பால் மாதிரிகளைச் சோதித்து 1993இல் வெளியிட்ட அறிக்கையில், நூற்றுக்கு 82 மாதிரிகளில் டி.டி.டி. இருந்தது. மாட்டுக்கு யாரும் மருந்து கொடுக்கவில்லை. வைக்கோல், பிண்ணாக்கு வழியாகப் போனது அது.

மலை மேல் தெளித்தால் என்ன ஆகும்

இந்தக் கேள்விக்கு ஜவ்வாது மலை விவசாயிகள் காசர்கோட்டைப் பார்க்க வேண்டும். அங்கே குன்றுகளின் மேல் கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்கள். குன்றின் அடியில் குடியிருப்புகள். 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். தேயிலைக் கொசுவைக் கொல்லத்தான் தெளித்தார்கள். ஆனால் ஓடை, கிணறு, குன்றைக் குடைந்து எடுத்த சுரங்கக் கிணறு எல்லாம் கீழே இருந்தன. மழை அடித்துக்கொண்டு வந்ததை அந்த மக்கள் குடித்தார்கள். ஆமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம் பத்ரே கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, கடைசித் தெளிப்பு முடிந்து பல மாதங்கள் கழிந்தும் அதில் எண்டோசல்பான் இருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முந்திரி விற்ற காசு யாரிடம் போயிற்று, நோய் யாரிடம் தங்கிற்று என்பதை விளக்கத் தேவையில்லை.

எண்டோசல்பான் மீனுக்கு எத்தகைய எமன் என்பதற்கு ஒரு கணக்கு. நூறு கோடிப் பங்கு நீரில் சில பங்கு இருந்தாலே பல வகை மீன்கள் நான்கு நாளில் சாகும். ஒரு லிட்டர் குப்பியில் இருந்த சரக்கு 350 கிராம். 35 ஏக்கர் ஏரியில் கோடையில் மூன்றடித் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு குப்பியே நூறு கோடியில் ஏறக்குறைய 2.7 பங்கு ஆகிவிடும். ஏரி முழுவதுக்கும் ஒரு குப்பி!

எண்டோசல்பான் போயிற்று, இப்போது வருவன எல்லாம் நல்ல மருந்துகள் என்று கடைக்காரர் சொல்வார். அதில் பாதி உண்மை. சைபர்மெத்ரின் போன்றவை டி.டி.டி.யைப் போல வருடக்கணக்கில் தங்குவதில்லை. ஆனால் அன்றைக்கு ஓடையில் விழுந்தால் மீனுக்குக் கிட்டத்தட்ட எண்டோசல்பான் அளவுக்கே கொடியவை. குளோர்பைரிபாஸை 2025இல் நிலைத்து நிற்கும் நஞ்சுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அந்த உடன்படிக்கையில் இந்தியா 2006 முதல் இருக்கிறது. நேற்று வரை நல்ல மருந்து என்று விற்றது இதுவும்.

குப்பியில் உள்ள முக்கோணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற அந்த நிறங்கள் மருந்து எலி போன்ற பிராணிகளை எவ்வளவு கொல்லும் என்பதை வைத்துப் போடப்பட்டவை. தெளிக்கிற மனிதனுக்கான எச்சரிக்கை. மீனுக்கு அது பொருந்தாது. பச்சை முக்கோணம் என்று நம்பித் தெளிப்பானை ஓடையில் கழுவக் கூடாது. குப்பியோடு வரும் தாளில் மீனுக்கு ஆபத்து என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கும். அதைத்தான் தேடிப் படிக்க வேண்டும்.

மீன் பிடிக்க மருந்து

பயிருக்கு என்று வாங்கிய மருந்தை ஓடைக் கசத்தில் ஊற்றி மீன் பிடிப்பது எல்லாவற்றிலும் மோசம். மருக்காரைக் காயை இடித்துக் கசத்தில் கரைத்து மீன் பிடிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பழையதுதான். காயின் நஞ்சு சீக்கிரத்தில் சிதைந்து போகும். குப்பி மருந்து அப்படியன்று. மிதந்த மீனை விற்றவர் காசோடு போய்விடுவார். தின்ற வீட்டுக்குத்தான் வாந்தியும் மயக்கமும். மிதக்காத மீன்குஞ்சு, நத்தை, தவளை, தட்டான் புழு எல்லாம் அடியில் கிடந்து அழுகும். கொசுப் புழுவைத் தின்ன ஆள் இல்லாமல் அடுத்த மாதம் ஊரில் காய்ச்சல்.

நீரில் நஞ்சிட்டு மீன் பிடிப்பது இந்திய மீன்வளச் சட்டப்படி 1897 முதலே குற்றம். அந்தச் சட்டம் விதித்த தண்டனை இரண்டு மாதச் சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். அந்த நாளில் 200 ரூபாய்க்கு நல்ல ஜோடி மாடு வாங்கிப் பணமும் மீதி இருந்திருக்கும். இன்றைக்கு அது ஒரு கிலோ மீன் விலைகூட இல்லை. சட்டத்தை நம்புவதைவிட, ஏரி, குளங்களின் மீன் ஏலப் பத்திரத்திலேயே மருந்து ஊற்றினால் ஏலம் ரத்து, முன்பணம் பறிமுதல் என்று எழுதிக்கொள்வது பலன் தரும். காசு போகும் என்றால் ஏலதாரரே காவல் போடுவார்.

விவசாயி செய்யக் கூடியது

தெளிப்பானைக் கழுவிய தண்ணீரைத் தெளித்த நிலத்திலேயே கொட்ட வேண்டும். குப்பியை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, குப்பியைத் துளையிட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அது எண்ணெய்க் குப்பியாகச் சமையல்கட்டுக்குப் போகும். ஓடைக் கரையிலிருந்து சில கெஜ தூரம் புல்லும் புதரும் விட்டு, அந்தப் பட்டையில் தெளிக்காதிருக்க வேண்டும். மண்ணோடு வரும் நஞ்சை அந்தப் புல்லே பாதி பிடித்துக்கொள்ளும். மழை கட்டியிருக்கும் நாளில் தெளிப்பது மருந்துக்கும் நஷ்டம், மீனுக்கும் நாசம். நெல்லுக்கு அடித்தால் நான்கைந்து நாளாவது வரப்பை உடைக்காமல் நீரைக் கட்டி வைக்க வேண்டும்.

கம்பளிப்புழுவுக்கு மருந்தை விடப் பழைய முறைகளே மேல். முதல் கனமழைக்குப் பிறகு அந்துப்பூச்சி மண்ணிலிருந்து கிளம்பும் சில இரவுகளில் ஊரே சேர்ந்து விளக்குப் பொறி வைத்தால் முட்டை பாதியாகக் குறையும். ஓரத்தில் ஆமணக்கும் ஊடே தட்டைப்பயறும் போட்டால் அந்து அதில் முட்டையிடும். இலையோடு பறித்து அழிக்கலாம். ஒருவர் மட்டும் செய்தால் பயனில்லை என்பதே இதில் உள்ள சிரமம். வேப்பங்கொட்டைச் சாறு ஐந்து சதம் நல்ல கைமருந்து. வெயிலில் சில நாளில் சிதைந்துவிடும். ஆனால் அதையும் மீன் குட்டையில் ஊற்றிப் பார்க்கத் தேவையில்லை.

பரணில், மாட்டுக் கொட்டகையில், பழைய தகர டப்பாவில் வெள்ளைத் தூளோ துர்வாடைக் குப்பியோ இன்னும் இருக்கிற வீடுகள் உண்டு. தடை வந்தபின் அதைக் கிணற்றிலும் ஓடையிலும் எறிவது, புதைப்பது, கொளுத்துவது எல்லாமே தவறு. பத்து கிலோ பி.எச்.சி.யை ஓடைக்குழியில் புதைத்தால் பல வருடம் அது கசிந்துகொண்டே இருக்கும். பழைய சரக்கைக் கேள்வி கேட்காமல், அபராதம் போடாமல் ஊர் ஊராக வந்து வாங்கிக்கொண்டு போக வேண்டியது வேளாண்மைத் துறையின் கடமை. விற்க அனுமதி கொடுத்தது அரசு. திரும்ப எடுப்பதும் அரசின் பொறுப்பே. அதுவரை உறை கிழியாமல் கட்டி, பூட்டி வைப்பதைத் தவிர வழியில்லை.

மீனைத் தின்னலாமா என்று கேட்பவர்களுக்கு: பயந்து மீனை விடுவது பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம், மலையிலும் அடிவாரத்திலும் குறைந்த செலவில் கிடைக்கும் புரதம் அது. பாசி தின்னும் சிறு மீனில் நஞ்சு குறைவு. பிற மீனைத் தின்று வயதாகிய பெரிய மீனில் அதிகம். ஈரல், குடல், வயிற்றுக் கொழுப்பு மூன்றையும் எடுத்தெறிந்துவிட்டால் கணிசமான பங்கு போய்விடும். கொதிக்க வைப்பதால் மட்டும் டி.டி.டி. அழியாது.

மலைவாசி விவசாயிகளிடம் மருந்து வேண்டாம் என்று சொல்வது எளிது. கீழ்நாட்டார் நாற்பது வருடம் கொட்டிவிட்டு எங்களுக்கு மட்டும் உபதேசமா என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. சாமை விலை போனால் மருந்து கேட்கும் பயிர் தானாக மலை ஏறாது. 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடினார்கள். பட்டணத்துக் கடையில் சாமை அரிசி விலை ஏறியது. மலையில் மூட்டைக்கு என்ன கிடைத்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. உமியோடு விற்கிறவரைக்கும் லாபம் இடையில் உள்ளவருடையதே. அரிசியாக்கும் இயந்திரம் மலையிலேயே ஓட வேண்டும்; மருந்தடிக்காத தானியம் என்பதற்கு ஒரு கூடுதல் விலையும் வேண்டும். அந்தக் கூடுதல் விலை தண்ணீருக்குக் காவல் இருப்பதற்கான கூலி என்று கீழ்நாட்டு ஏரிப் பாசனத்தார் எண்ணிக்கொண்டால் கசக்காது.

ஜமுனாமரத்தூர்க் கோலப்பன் ஏரியிலும் குப்பநத்தம், செண்பகத்தோப்பு அணைகளிலும் சேற்றையும் மீனையும் ஆண்டுக்கு ஒரு முறை சோதிப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. எச்ச நஞ்சை அளக்கும் ஆய்வுக்கூடம் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. முடிவைப் பஞ்சாயத்துப் பலகையில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். கோப்பில் தூங்கும் ஆய்வு எவருக்கும் உதவாது. கோடையில் ஏரி வற்றி வண்டல் எடுக்கும் நாளே மாதிரி எடுக்கத் தோதான நாள். ஏரியின் நடுவிலும் மதகடியிலும் ஓடை வாயிலும் ஒவ்வொரு கைப்பிடிச் சேறு, கடைசி வலையில் விழும் விரால் இரண்டு. மே மாதத்தில் எடுத்து அனுப்பினால் சாமை விதைப்பு முடிந்து ஏரிக்கு நீர் வரத் தொடங்கும்போது விடை கையில் இருக்கும்.